விண்மீன் மறைப்புப் பதிவு: அறிகுறியைக் கொண்டு கோளாறு காணுதல்

குறுங்கோளோ, நெப்டியூனுக்கு அப்பால் உலவும் கைப்பர் பட்டைப் பொருளோ ஒரு விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது, அந்த விண்மீனின் ஒளியில் அப்பொருளின் நிழல் பூமியின்மேல் ஒரு பட்டையாக விழுந்து ஓடுகிறது. பட்டைக்குள் நிற்பவருக்கு விண்மீன் சில வினாடிகள் அணைந்து மீண்டும் எரியும். வெளியே நிற்பவருக்கு ஒன்றும் நேராது. மறைந்த நேரத்தையும் மீண்ட நேரத்தையும் துல்லியமாகக் குறித்தால், பெரிய தொலைநோக்கிகளிலும் பெரும்பாலும் ஒரு புள்ளியாகவே தெரியும் பொருளின் அளவையும் உருவத்தையும் கிலோமீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம். காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டங்களிலும் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களிலும் ஆறு முதல் பத்து அங்குலத் தொலைநோக்கியோடும் ஒரு கேமராவோடும் நின்று இதைப் பதிவு செய்பவர்களுக்கு வரக்கூடிய கோளாறுகளை, அவை கண்ணுக்குப் படும் விதத்தைக் கொண்டே கீழே வகைப்படுத்தியிருக்கிறேன். எந்த அறிகுறியானாலும் மூல வீடியோவை வெட்டாமலும் சுருக்காமலும் இன்னொரு வட்டில் நகல் எடுத்துவைத்த பிறகே ஆராயத் தொடங்க வேண்டும்.

குறித்த நேரம் கடந்தும் விண்மீன் மறையவில்லை

முதலில் ஐயப்பட வேண்டியது நாள்காட்டியை. கணிப்புகள் உலகப் பொது நேரத்தில் தரப்படுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. சனிக்கிழமை 21:40 என்று கணிப்பில் இருந்தால் நம் கடிகாரத்தில் அது ஞாயிறு அதிகாலை 3:10. ஆனால் நம் பேச்சு வழக்கில் விடியும் வரை அது சனிக்கிழமை ராத்திரிதான். நான் ஒருமுறை குறிப்பேட்டில் ‘ஞாயிறு 3:10’ என்று சரியாகவே எழுதிவிட்டு, உடன் வரவிருந்த நண்பரிடம் ‘ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூணு மணி’ என்று சொல்லிவிட்டேன். அவர் திங்கட்கிழமை விடியற்காலையில் கருவியோடு ஊத்துக்குளிக்கு வந்து நின்றார். அன்று முதல் கிழமையை எழுதுவதில்லை. தேதியையும் உலகப் பொது நேரத்தையும் நம் நேரத்தையும் ஒரே வரியில் எழுதுகிறேன்.

அடுத்தது, பார்த்தது அந்த விண்மீனைத்தானா என்பது. கோணக் கண்ணாடி வைத்த தொலைநோக்கியில் வானப்படம் இடவலம் மாறியிருக்கும். கைப்பேசிச் செயலியின் படம் மாறியிருக்காது. பதிவின் ஒரு பிரேமை எடுத்து, இலக்கைச் சுற்றியுள்ள நான்கைந்து மங்கலான விண்மீன்களின் அமைப்பை வரைபடத்தோடு நிதானமாக ஒப்பிட்டால் ஐயம் தீரும். இதைக் கூடியவரை நிகழ்வுக்கு ஒரு மணி நேரம் முன்பே செய்துவிட வேண்டும்.

இரண்டும் சரியென்றால், நிழல் உங்களைத் தொடாமல் போயிருக்கலாம். இதை நன்றாகப் புரிந்துகொள்ள ஓர் எண் போதும்: 40 வானியல் அலகுத் தொலைவில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு ஓர் அலகு), வானத்தில் ஆயிரத்தில் ஒரு விகலைப் பிழை (பாகையில் 3,600இல் ஒரு பங்கு விகலை) பூமியில் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நகர்வாக விழும். பொருளின் சுற்றுப்பாதைப் பிழை பத்து மடங்கு இருந்தாலே, கோயம்புத்தூருக்கு மேலாகப் போக வேண்டிய நிழலின் நடுக்கோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, இலங்கைக்கோ கர்நாடகத்துக்கோ போய்விடும். வானத்தை அளந்த கையா விண்கலத்தின் பட்டியல்கள் வந்த பிறகு விண்மீன்களின் இடம் மிகத் துல்லியமாகியிருக்கிறது. எனினும் மூன்றாம் வெளியீட்டின் இடங்கள் 2016ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு உரியவை. ஆண்டுக்கு ஆயிரத்தில் பத்து விகலை நகரும் ஒரு விண்மீனின் சொந்த இயக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், பத்தாண்டில் நிழல் பாதை 2,900 கிலோமீட்டர் தவறிவிடும். விண்மீன் இரட்டையாக இருந்தாலும் பட்டியலில் உள்ள இடம் நம்பத்தக்கதாக இராது. ஆகவே ஒரு மாதத்துக்கு முன் இறக்கிவைத்த கணிப்பை நம்பிப் புறப்படாமல், கிளம்பும் நாளன்று ஒக்கல்ட் வாட்சர் மென்பொருளில் புதுப்பித்த கணிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

‘மறையவில்லை’ என்பதும் ஒரு விடைதான். 2017 ஜூன் 3 அன்று, இன்று அரோக்கோத் என அறியப்படும் பொருளின் நிழலைப் பிடிக்கத் தென்னாப்பிரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் இருபதுக்கும் மேற்பட்ட தொலைநோக்கிகள் காத்திருந்தன; ஒன்றிலும் மறைப்பு பதிவாகவில்லை. அடுத்த ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவில் வைத்த 24 தொலைநோக்கிகளில் ஐந்தில் விண்மீன் மறைந்தது. ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளமே உள்ள அந்தப் பொருளை நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2019 ஜனவரி 1 அன்று கடந்தபோது, அது எங்கே இருக்கும், எத்தகைய உருவம் கொண்டிருக்கும் என்பதற்கு இந்தப் பதிவுகளே பெருந்துணையாக இருந்தன. ஆனால் மறையவில்லை என்று அறிக்கை தருபவர், மறைந்திருந்தால் தம் பதிவில் அது நிச்சயம் தெரிந்திருக்கும் என்று காட்டியாக வேண்டும். நிகழ்வு நேரம் முழுவதும் விண்மீன் இரைச்சலுக்கு மேல் தெளிவாக நிற்பதும், நேரக்குறிப்பு இடைவெளியின்றித் தொடர்வதும் அதற்குச் சான்று. மேகம் மூடிய பதிவைக் கொண்டு ‘மறையவில்லை’ என்று எழுதினால் பிறருடைய கணக்கையும் கெடுத்துவிடுவோம்.

மறைந்தது; ஆனால் நேரம் ஒத்துவரவில்லை

இந்த அறிகுறிதான் அதிகம் ஏமாற்றுவது. கணிப்பிலிருந்து சில வினாடி விலகினால் உங்கள் கடிகாரம் பிழையாக இருக்கலாம். பொருளே முந்தியோ பிந்தியோ வந்திருக்கவும் கூடும். கணிப்போடு ஒத்துப்போகும்படி நேரத்தைத் ‘திருத்துவது’ பெருந்தவறு, ஏனெனில் அந்த விலகலை அளப்பதற்காகவே இத்தனை பாடும்.

விலகலின் அளவே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும். சரியாக 18 வினாடி என்றால், ஜிபிஎஸ் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள லீப் வினாடி (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகப் பொது நேரத்தில் மட்டும் சேர்க்கும் வினாடி) வேறுபாடு அது. 2017 ஜனவரி 1 முதல் இந்த எண் 18. நீண்ட நாள் அணைந்திருந்த ஜிபிஎஸ் கருவி, இந்த வேறுபாட்டைச் செயற்கைக்கோளிலிருந்து படித்துக்கொள்ளும் வரை தவறான நேரத்தைக் காட்டக்கூடும். செயற்கைக்கோள் தன் முழுச் செய்தியையும் ஒருமுறை அனுப்பி முடிக்க 12.5 நிமிடம் ஆகிறது. ஆகவே கருவியைத் திறந்தவெளியில் வைத்து இருபது நிமிடமாவது ஓடவிட்ட பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். தகரக் கொட்டகைக்குள் மேசை போட்டுக்கொண்டு ஆன்டெனாவையும் அங்கேயே வைத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அடர்ந்த தென்னந்தோப்பும் சைகையைக் குறைக்கும்.

ஒன்றிரண்டு வினாடி விலகல் லேப்டாப்பின் சொந்தக் கடிகாரத்தால் வருவது. விண்டோஸ் தானாக நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வது அடிக்கடி நடப்பதில்லை. இடையில் கடிகாரம் நகர்ந்துவிடும். கைப்பேசி இணையத்தின் வழியே சரிபார்த்தாலும், சைகை ஒரு கோட்டில் வந்துபோகும் கிராமத்தில் அதன் துல்லியம் நம்பத்தக்கதன்று.

ஒரு வினாடிக்கும் குறைந்த விலகலுக்கு மூலம் கேமரா. சில மென்பொருள்கள் பிரேமின் தொடக்கத்தையும், சில முடிவையும், சில அந்தப் பிரேம் கணினிக்கு வந்துசேர்ந்த கணத்தையும் குறிக்கின்றன. அரை வினாடி எக்ஸ்போஷரில் (ஒரு பிரேமுக்கு ஒளி சேர்க்கும் நேரம்) தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள குழப்பமே அரை வினாடிப் பிழை. தொலைதூரப் பொருளின் நிழல், அது சூரியனுக்கு நேரெதிரே இருக்கும் காலத்தில் வினாடிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அரை வினாடி என்பது பத்துக் கிலோமீட்டருக்கும் மேல். வரிவரியாகப் படமெடுக்கும் ரோலிங் ஷட்டர் கேமராவானால் படத்தின் மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இடையிலேயே நேரம் வேறுபடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஜிபிஎஸ் உள்ளேயே பொருத்திய கேமராக்கள் விலை கூடியவை. ஆனால் இந்தத் தலைவலிகளில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடுகின்றன.

உங்கள் நேர அமைப்பு முழுவதையும் செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. வளர்பிறைச் சஷ்டி, சப்தமி மாலைகளில் நிலவின் இருண்ட விளிம்புக்குப் பின்னால் விண்மீன்கள் சட்டென்று மறையும். நிலவின் விளிம்பு மேடுபள்ளம் வரை அளக்கப்பட்டிருப்பதால், அந்த நேரத்தை ஒரு வினாடிக்கும் மிகக் குறைந்த பிழையில் முன்கூட்டியே கணக்கிட முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு மறைப்பை, அதே கேமரா, அதே லேப்டாப், அதே அமைப்புகளோடு பதிவு செய்து ஒக்கல்ட் மென்பொருளின் கணக்கோடு ஒப்பிட்டால், உங்களிடம் உள்ளது 18 வினாடிப் பிழையா, இரண்டு வினாடிப் பிழையா என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.

நேரக்குறிப்புகளின் இடையே பள்ளம் தென்பட்டால், அதாவது 0.2 வினாடிக்கு ஒன்றாக வர வேண்டிய பிரேம்கள் ஓரிடத்தில் 0.8 வினாடி தாவியிருந்தால், பிரேம்கள் உதிர்ந்திருக்கின்றன என்று பொருள். பழைய ஹார்டு டிஸ்க், தளர்ந்த யுஎஸ்பி இணைப்பு, பின்னணியில் விழித்துக்கொண்ட ஆன்டிவைரஸ் ஆகியவை வழக்கமான காரணங்கள். எஸ்எஸ்டியில் பதிவு செய்வதும், இலக்கைச் சுற்றிய சிறு பகுதியை மட்டும் கேமராவில் தேர்ந்தெடுப்பதும் போதும்.

விண்மீன் படத்தை விட்டு நகர்ந்துகொண்டே போகிறது

தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டின் அச்சு துருவ விண்மீனை நோக்கிச் சரியாக நிற்காவிட்டால் இப்படி ஆகும். நம் பகுதி 11 பாகை அகலாங்கில் இருப்பதால் துருவ விண்மீனும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 11 பாகை உயரத்திலேயே நிற்கிறது. 15 மீட்டர் உயரத் தென்னை ஒன்று வடக்கே 77 மீட்டருக்குள் இருந்தால் அதுவே துருவ விண்மீனை மறைத்துவிடும். கோபி, சத்தி வட்டாரங்களில் வடக்கே நிற்கும் மலையே மறைத்துவிடும். வடக்கு திறந்த களத்து மேட்டைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால் விண்மீன் நகரும் திசையைப் பார்த்து மவுண்டைத் திருத்தும் முறையைக் கையாளுங்கள். பதிவு பதினைந்து நிமிடம்தான் என்பதால் முழுத் துல்லியம் தேவையில்லை.

எல்லா விண்மீன்களும் ஒன்றாகத் துள்ளுகின்றன, அல்லது பதிவு நின்றுபோகிறது

ஒப்பீட்டு விண்மீன்களும் (ஒளியை ஒப்பிட அதே படத்தில் அளக்கும் பக்கத்து விண்மீன்கள்) இலக்கோடு சேர்ந்தே மங்கினால் அது மேகம். இலக்கும் ஒப்பீடும் ஒரே திசையில் நீண்டு துள்ளினால் அது காற்று. ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை காற்றாலைகளைச் சுழற்றும் காற்று. எட்டங்குலக் குழாயை அது சும்மா விடாது. டிராக்டர் டிரெய்லரையோ வைக்கோல் போரையோ மேற்குப் பக்கம் மறைப்பாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அரோக்கோத்துக்காக அர்ஜென்டினாவில் காத்திருந்தவர்களுக்கும் காற்றைத் தடுக்க லாரிகளைத்தான் வரிசையாக நிறுத்தினார்கள். வாகன வெளிச்சம் படாதிருக்க நெடுஞ்சாலையையே இரண்டு மணி நேரம் மூடினார்கள். நமக்கு நெடுஞ்சாலையை மூடித்தர யாரும் இல்லை. வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதைக்குள் ஒதுங்கினால் போதும்.

கேமரா திடீரென்று துண்டித்துக்கொண்டு மீண்டும் இணைவது வேறு வகைக் கோளாறு. காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில், நிகழ்வுக்கு நான்கு நிமிடம் முன்பு என் கேமரா இப்படித் துண்டித்தது. கேபிளை மாற்றினேன், மென்பொருளைத் திரும்பத் திறந்தேன். பதிவு மீண்டும் ஓடத் தொடங்கியபோது நிழல் கடந்து அரை நிமிடம் ஆகியிருந்தது. இரண்டு நாள் டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு, தோட்டத்துக்காரர் பேச்சோடு பேச்சாக, “ஏனுங்க, அன்னைக்கு ராத்திரி ஒன்றரைக்குத்தானுங்க த்ரீபேஸ் வந்துச்சு, மோட்டாரப் போட்டுட்டுப் படுத்துட்டேனுங்க” என்றார். கிணற்று மோட்டார் இழுத்த நொடியில் மின்னழுத்தம் இறங்க, என் அடாப்டர் ஒரு கணம் செத்துப் பிழைத்திருக்கிறது. இப்போது மவுண்டையும் கேமராவையும் பேட்டரியில்தான் ஓட்டுகிறேன். மும்முனை மின்சாரம் எந்நேரம் வருகிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

மார்கழி, தை இரவுகளில் விண்மீன்கள் எல்லாம் அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போனால் கண்ணாடியில் பனி படிந்திருக்கிறது. குழாயின் முன்னால் அட்டையால் ஒரு கூடு நீட்டினால் போதும்.

விண்மீன் முழுதாக அணையவில்லை

இது பல நேரங்களில் கோளாறே இல்லை. மறைக்கும் பொருளும் சூரிய ஒளியைத் திருப்பி ஒளிர்கிறது. (ஒளித்தர எண் கூடினால் ஒளி குறைவு.) 12.0 ஒளித்தரமுள்ள விண்மீனை 13.0 ஒளித்தரமுள்ள குறுங்கோள் மறைத்தால், இரண்டும் சேர்ந்து 11.64 ஆக இருந்த ஒளி 13.0க்கு இறங்கும்; வீழ்ச்சி 1.36 ஒளித்தரம். குறுங்கோள் 11.5 ஆகவும் விண்மீன் 13.0 ஆகவும் இருந்தால் வீழ்ச்சி கால் ஒளித்தரத்துக்கும் குறைவு, அதாவது ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே குறையும். சிறு தொலைநோக்கியில் அது இரைச்சலுக்குள் மறைந்துவிடலாம். கைப்பர் பட்டைப் பொருள்கள் மிக மங்கலானவை என்பதால் அவை மறைக்கும்போது விண்மீன் முற்றிலும் அணைந்ததாகவே தெரிய வேண்டும். அங்கேயும் ஒளி மிஞ்சினால், அளவிடும் வட்டத்துக்குள் பக்கத்து விண்மீன் ஒன்று புகுந்திருக்கிறதா, எக்ஸ்போஷர் மறைப்பைவிட நீண்டுவிட்டதா என்று பாருங்கள். வீடியோவிலிருந்து ஒளியை அளக்கும் பை மூவி, டாங்க்ரா மென்பொருள்கள் இரண்டிலும் அளவிடும் வட்டத்தைச் சுருக்கிப் பார்ப்பது எளிது.

வட்டத்தைச் சுருக்கியும் மிச்ச ஒளி நின்று, நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வளைகோடு படிக்கட்டுப் போல இரண்டு படியாக இறங்கி இரண்டு படியாக ஏறினால், விண்மீன் இரட்டையாக இருக்கலாம். அதை மென்பொருளில் தேய்த்து மென்மையாக்கிவிடாமல் அப்படியே அனுப்புங்கள்.

இறக்கம் செங்குத்தாக இல்லாமல் சரிவாக இருக்கிறது

காற்று மண்டலம் இல்லாத பொருளின் விளிம்பில் ஒளி சட்டென்று அறுபட வேண்டும். ஒளியின் அலைத்தன்மையால் விளிம்பு சிறிது மழுங்கும். ஆனால் 40 வானியல் அலகில் அந்த மழுங்கல் தரையில் ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர்தான். வினாடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது பதினைந்தில் ஒரு வினாடிக்குள் கடந்துவிடும். உங்கள் எக்ஸ்போஷர் 0.2 வினாடி என்றால் இறக்கத்தில் ஒரே ஒரு இடைநிலைப் புள்ளி வரலாம். ஐந்தாறு புள்ளிகள் வந்தால் அலைத்தன்மையைக் காரணம் காட்ட முடியாது. ஒப்பீட்டு விண்மீனும் சரிந்திருந்தால் மேகம். அடிவானத்தை ஒட்டிய விண்மீனானால் தென்னை மட்டையும் இதைச் செய்யும், ஒருமுறை எனக்குச் செய்தும் இருக்கிறது. விளிம்பை உரசிச் செல்லும் மறைப்பிலும் சரிவு வரலாம். இவை எல்லாம் விலகிய பிறகும் பல வினாடி நீளும் மென்மையான சரிவு நின்றால் அது காற்று மண்டலத்தின் வேலையாக இருக்கலாம்: 1988 ஜூன் 9 அன்று புளூட்டோ ஒரு விண்மீனை மறைத்தபோது ஒளி இப்படித்தான் படிப்படியாகத் தேய்ந்து, அங்கே மெல்லிய காற்று மண்டலம் இருப்பதை உறுதிப்படுத்தியது.

மறைப்புக்கு முன்னும் பின்னும் சிறு பள்ளங்கள்

இதைக் கண்டதும் பலருக்கும் வளையத்தின் நினைவு வந்துவிடுகிறது. நியாயம்தான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, கோளுக்கு வெளியே தோன்றிய சிறு பள்ளங்களால்தான் அதன் வளையங்கள் வெளிப்பட்டன. நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகமும் அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் ஒன்று. 2013 ஜூன் 3 அன்று, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் குறுக்களவே உள்ள சாரிக்லோ என்னும் சென்டாரை (வியாழனுக்கும் நெப்டியூனுக்கும் இடையே உலவும் சிறுபொருள்) சுற்றி இரண்டு வளையங்கள் தென் அமெரிக்காவிலிருந்து கண்டறியப்பட்டன. அவற்றின் அகலம் ஏறத்தாழ 7 கிலோமீட்டரும் 3 கிலோமீட்டரும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது வினாடிக்குப் பத்துப் படம் எடுத்த கேமரா பொருத்திய ஒரே தொலைநோக்கி. எக்ஸ்போஷரை நீட்டி வைத்திருந்த மற்றவற்றில் இரண்டும் சேர்ந்து ஒரே பள்ளமாகவே பதிந்தன.

எனினும் கொங்கு நாட்டுத் தோட்டத்தில் கிடைக்கும் பள்ளங்களில் பெரும்பாலானவை வளையங்கள் அல்ல. பள்ளம் உள்ள பிரேமைத் தனியே திறந்து பாருங்கள். விண்மீன் உருவம் பரந்து கலங்கியிருந்தால் காற்றோ ஃபோகஸ் குலைவோ காரணம். ஒளி அளவிடும் வட்டத்துக்கு வெளியே கொட்டியிருக்கிறது. படத்தில் உள்ள அனைத்தும் ஒரே ஒரு பிரேமில் மறைந்திருந்தால், அத்திமரத்துக்கு வந்த பழந்தின்னி வௌவால் குறுக்கே பறந்திருக்கலாம். இலக்கு மட்டும், குறைந்தது இரண்டு பிரேம்களுக்கு, உருவம் கெடாமல் மங்கியிருந்தால் அது கவனிக்கத்தக்கது. அதே அளவுப் பள்ளம் மறைப்பின் மறுபுறமும், ஏறக்குறைய அதே இடைவெளியில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

தேடுவதற்குப் பதிவு இருக்க வேண்டும். 2017 ஜனவரி 21 அன்று கண்டறியப்பட்ட, நெப்டியூனுக்கு அப்பாலுள்ள ஹௌமியாவின் வளையம் ஏறத்தாழ 2,287 கிலோமீட்டர் ஆரமுடையது. அதே பகுதியிலுள்ள குவாவாரின் வளையம், 2023இல் அறிவிக்கப்பட்டது, 4,100 கிலோமீட்டரை ஒட்டிய ஆரமுடையது. வினாடிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால் குவாவாரின் வளையம் நடுநேரத்துக்கு மூன்றரை நிமிடம் முன்னும் பின்னும் வரும். மறைப்பு முடிந்த மகிழ்ச்சியில் உடனே பதிவை நிறுத்துவது இங்கே பலர் செய்யும் தவறு. இரு பக்கமும் ஐந்து நிமிடமாவது ஓடவிடுங்கள்.

உங்கள் நாண் மற்றவர்களுடையதோடு பொருந்தவில்லை

பல இடங்களிலிருந்து வந்த நேரங்களைக் கோடுகளாக (ஒவ்வொன்றும் பொருளின் குறுக்கே செல்லும் ஒரு நாண்) வரைந்து ஒரு நீள்வட்டத்தைப் பொருத்தும்போது, உங்களுடையது மட்டும் தள்ளி நிற்பதாக ஒருங்கிணைப்பவர் எழுதுவார். அது கோட்டின் நீளத்திசையில் தள்ளியிருந்தால் நேரப்பிழை; மேலே சொன்னவற்றுக்குத் திரும்புங்கள். செங்குத்துத் திசையில் தள்ளியிருந்தால் நீங்கள் எழுதிய இடம் தவறு. 11 பாகை 2 கலை என்பதை 11.02 என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை; அதன் சரியான தசம வடிவம் 11.0333. இந்த ஒரு பிழையில் நீங்கள் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் நகர்ந்துவிடுகிறீர்கள். உயரத்தைச் சுழியமாக விடுவதும் அப்படித்தான்: கோவைச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டரை ஒட்டியது, விண்மீன் 30 பாகை உயரத்தில் இருக்கையில் அந்த விடுபடல் தரையில் 700 மீட்டர் அளவுக்கு நகர்வாகும். தொலைநோக்கியின் முக்காலி நின்ற இடத்திலேயே கைப்பேசியை வைத்து ஆயத்தொலைவுகளைப் படமெடுத்துக்கொண்டு, அந்தப் படத்தைப் பார்த்து அறிக்கையை நிரப்புங்கள். வீட்டு முகவரியை வரைபடத்தில் தேடி எடுத்த எண் தோட்டத்து எண்ணாகாது.